கூட்டு வில்லை அமைத்தல்

கூட்டு வில் என்பது பட்டைகளின் நுனியில் சக்கரங்களையும் வடங்களையும் கொண்டு, நாணை இழுக்கும்போது கைக்கு ஏறும் சுமையை இறுதிக் கட்டத்தில் பெருமளவு குறைத்துத் தரும் வில் வகை ஆகும். தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் இது பெரும்பாலும் காம்பவுண்டு வில் என்றே குறிப்பிடப்படுகின்றது. இவ்வில்லை ஒருவருடைய உடலளவுக்கும், அவர் அதனைப் பயன்படுத்தும் நோக்கத்துக்கும் ஏற்பப் பொருத்திச் சீர்செய்வதே கூட்டு வில்லை அமைத்தல் எனப்படும். மூங்கில் வில்லை வீட்டில் உள்ள எவரும் எடுத்து எய்யலாம். கூட்டு வில் ஒருவருக்கென அமைக்கப்பட்டுவிட்டால், உயரம் வேறுபட்ட இன்னொருவருக்கு அது பெரும்பாலும் பயன்படாது.

ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரான்சு, அங்கேரி முதலிய நாடுகளில் இவ்வில் சட்டத்துக்கு உட்பட்டு வேட்டைக்கும் பயன்படுகின்றது. இந்தியாவில் வில்லால் காட்டுவிலங்கை வேட்டையாடுவது குற்றமாகும். இங்கு இது இலக்கு விளையாட்டுக்கான கருவி மட்டுமே. எனினும் வில்லை அமைக்கும் முறைகளில் பல வேட்டைக்களத்தில் உருவானவை. ஆகவே இக்கட்டுரை இரு வகை அமைப்புகளையும் விளக்குகின்றது.

வரலாறு

கூட்டு வில்லை உருவாக்கியவர் ஐக்கிய அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலசு வில்பர் ஆலன் ஆவார். இவர் 1966 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 திசம்பரில் அது வழங்கப்பட்டது. இதனை முதலில் பெருமளவில் உற்பத்தி செய்தவர்களுள் டாம் சென்னிங்சு குறிப்பிடத்தக்கவர். தொடக்கத்தில் மரபு வில்லாளர்கள் இதனை வில்லாக ஏற்கத் தயங்கினர். ஆயினும் சில பத்தாண்டுகளுக்குள் அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே இதுவே பெரும்பான்மை வில்லாகியது.

செயற்படும் விதம்

வில்லின் நடுவில் கையால் பிடிக்கும் பகுதி ரைசர் எனப்படும் உலோகச் சட்டம் ஆகும். அதன் மேலும் கீழும் லிம்ப் எனப்படும் நாரிழைப் பட்டைகள் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். பட்டைகளின் நுனியில் கேம் எனப்படும் வட்டமல்லாத சக்கரங்கள் உள்ளன. சாதாரண வில்லில் நாணை இழுக்க இழுக்கச் சுமை கூடிக்கொண்டே போகும். முழுதும் இழுத்த நிலையில் அது உச்சத்தில் இருக்கும். கூட்டு வில்லில் உச்சச் சுமை நடுவழியிலேயே வந்துவிடுகின்றது. அதன்பின் கேம் உருண்டு நெம்புகோலின் நீளம் மாறுவதால், சுமை சட்டென்று இறங்கிவிடும். இவ்விறக்கம் வில்லுக்கு வில் 65 முதல் 90 விழுக்காடு வரை வேறுபடும். எடுத்துக்காட்டாக, 60 பவுண்டு இழுவிசையும் 80 விழுக்காடு இறக்கமும் உள்ள வில்லை முழுதும் இழுத்த நிலையில், விரல்கள் தாங்குவது 12 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை கிலோ மட்டுமே.

இழுநீளம்

வில்லை அமைப்பதில் முதலில் முடிவு செய்ய வேண்டியது இழுநீளம் ஆகும். முழுதும் இழுத்த நிலையில் நாணில் அம்பு பொருந்தும் இடத்துக்கும் கைப்பிடியின் ஆழமான புள்ளிக்கும் உள்ள தொலைவுடன் 1¾ அங்குலத்தைக் கூட்டி இதனைக் கணக்கிடுவர். இதற்கு ஓர் எளிய தோராய முறையும் உண்டு. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, நடுவிரல் நுனி முதல் நடுவிரல் நுனி வரை அளந்து, அதனை 2.5 ஆல் வகுக்க வேண்டும். கைவிரிப்பு 165 செ.மீ. உள்ளவருக்கு 66 செ.மீ., அதாவது 26 அங்குலம் கிடைக்கும்.

புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை இங்குதான் நேர்கின்றது. சராசரித் தமிழரின் உயரத்துக்கு 28, 29 அங்குலத்துக்கு அமைந்த வில் நீளமானது. ஆனால் நீளமான இழுப்பு அம்புக்குக் கூடுதல் வேகம் தரும் என்பதால் பலர் அதனையே விரும்புகின்றனர். இழுநீளம் மிகும்போது எய்பவர் பின்னோக்கிச் சாய்வார். வில் பிடித்த தோள் மேலெழும். நாண் முன்கையில் அறையும். நாணை நிறுத்தும் இடம் தாடையைக் கடந்து காதுக்குப் பின்னே போய்விடும். குறைவான இழுநீளம் அவ்வளவு தீங்கானது அன்று. ஐயம் இருப்பின் அரை அங்குலம் குறைத்துக்கொள்வதே பயிற்றுநர்கள் கூறும் வழி.

சில வில்களில் கேமின் மேல் உள்ள சிறு தகட்டைத் திருப்பி இழுநீளத்தை அரை அங்குல அளவில் மாற்றலாம். வேறு சிலவற்றில் கேமையே மாற்றியாக வேண்டும். அதற்கு வில்லழுத்தி என்னும் கருவி தேவை. கூட்டு வில்லின் நாணை அக்கருவியின்றி ஒருபோதும் கழற்றக் கூடாது. இறுகி வளைந்து நிற்கும் பட்டைகள் விடுபட்டால் எலும்பை முறிக்கும் விசை கொண்டவை.

இழுவிசை

இழுவிசை பவுண்டில் குறிக்கப்படும். பட்டைகளின் அடியில் உள்ள இரு திருகாணிகளையும் ஆலன் சாவியால் தளர்த்தினால் இழுவிசை குறையும், இறுக்கினால் கூடும். பொதுவாக ஒரு முழுச் சுற்றுக்கு 2 பவுண்டு அளவில் மாறும். மேலும் கீழும் ஒரே எண்ணிக்கையில் திருப்ப வேண்டும். தயாரிப்பாளர் கையேட்டில் கூறிய சுற்றுகளுக்கு மேல் தளர்த்தினால் பட்டை சட்டத்திலிருந்து கழன்றுவிடக் கூடும்.

ஒருவருக்குரிய இழுவிசையை அறிய, அவரை நாற்காலியில் அமர்த்தி, வில்லை இலக்குக்கு நேராக நீட்டியபடியே மெதுவாக இழுக்கச் செய்வர். வில்லை வானத்தை நோக்கித் தூக்கி உடலை முறுக்கித்தான் இழுக்க முடிகின்றது என்றால், இழுவிசை மிகுதி என்று பொருள். இவ்வாறு மேல்நோக்கி இழுப்பது அழகுக் குறைவு மட்டுமன்று, பேராபத்தும் ஆகும். அந்நிலையில் தவறுதலாக விடுபட்ட அம்பு 300 மீட்டருக்கும் அப்பால் சென்று விழக்கூடியது. பன்னாட்டு இலக்குப் போட்டிகளில் கூட்டு வில்லின் உச்ச இழுவிசை 60 பவுண்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்குக் குறைந்தது 40 பவுண்டு அளவு கோரப்படுகின்றது.

அம்பு

வில்லுக்கு அளிக்கும் கவனத்தில் பாதியையேனும் அம்புக்கு அளிக்காதவர் நல்ல கூட்டத்தை, அதாவது ஓரிடத்தில் குவியும் அம்புகளை, காண முடியாது. அம்பின் தண்டு விடப்பட்ட கணத்தில் வளைந்து நெளிந்தே புறப்படுகின்றது. அவ்வளைவு வில்லின் விசைக்குப் பொருந்தியிருக்க வேண்டும். தண்டின் விறைப்பு ஸ்பைன் எண்ணால் குறிக்கப்படும். 28 அங்குல இடைவெளியில் தாங்கப்பட்ட தண்டின் நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் தாழ்கின்றது என்பதே அந்த எண். ஆகவே 500 என்று குறித்த தண்டு 400 என்று குறித்ததைவிட இளகியது. இழுவிசையையோ அம்பின் நீளத்தையோ முனையின் எடையையோ கூட்டினால், விறைப்பான தண்டுக்கு மாற வேண்டும்.

அம்பு மிக இலேசாக இருப்பதும் ஆகாது. ஒரு பவுண்டு இழுவிசைக்கு அம்பில் குறைந்தது 5 கிரெயின் எடை வேண்டும் என்பது பொதுவிதி. ஒரு கிரெயின் 0.0648 கிராம் ஆகும். இதன்படி 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19.5 கிராம் எடைக்குக் குறைந்த அம்பைப் பூட்டக் கூடாது. அம்பு எடுத்துச் செல்லாத ஆற்றல் வில்லிலேயே தங்கிப் பட்டைகளையும் வடங்களையும் சிதைத்துவிடும். அம்பே இன்றி நாணை விடுவது இதன் உச்சநிலை. ஒரேயொரு முறை செய்தாலும் பட்டை வெடிக்கலாம். கடையில் வில்லை எடுத்துப் பார்ப்பவர் விளையாட்டாக நாணை இழுத்து விட்டு அதனை உடைத்த நிகழ்வுகள் ஏராளம்.

நாணிலும் சட்டத்திலும் பொருத்துபவை

அம்பின் வால் பொருந்தும் இடத்தைச் சுற்றி நாணில் டி-லூப் எனப்படும் சிறு கயிற்றுக் கண்ணி கட்டப்படும். விரலுக்குப் பதிலாக ரிலீஸ் எனப்படும் விடுவி அக்கண்ணியைக் கவ்விப் பிடிக்கும். அம்பு, சட்டத்தில் தாங்கி பொருத்துவதற்கான துளையின் மையத்தை ஒட்டி, நாணுக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். மேலிருந்து பார்த்தால் நாணும் அம்பும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும்.

அம்புத்தாங்கியில் இரு வகைகள் பரவலானவை. விஸ்கர் பிஸ்கட் என்னும் வகையில் மயிர்க்கற்றை வளையம் அம்பைச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும். புதரிடையே நடந்தாலும் அம்பு விழாது, ஆனால் சிறகுகள் விரைவில் தேயும். மற்றொன்றில் தாங்கி, அம்பு புறப்பட்டதும் தானே கீழிறங்கி வழிவிடும். இது துல்லியமானது, ஆயினும் அதன் இழுகயிறு சரியான நேரத்தில் இயங்குமாறு கட்டப்பட வேண்டும்.

நாணின் இழைகளுக்கிடையே செருகப்படும் சிறு துளை வளையம் பீப் எனப்படும். துப்பாக்கியின் பின்குறி செய்யும் வேலையை இது செய்கின்றது. இதன் உயரத்தை முடிவு செய்யும் முறை எளிமையானது. எய்பவர் கண்களை மூடிக்கொண்டு வில்லை முழுதும் இழுத்து, தனக்கு இயல்பான இடத்தில் கையை நிறுத்திய பின்னரே கண்ணைத் திறக்க வேண்டும். துளை கண்ணுக்கு நேரே இல்லையெனில் நகர்த்த வேண்டியது துளையையே அன்றிக் கழுத்தை அன்று. அடுத்து, சட்டத்தின் குறிகாட்டியைச் சரிசெய்வர். அம்புகள் எப்பக்கம் விழுகின்றனவோ அப்பக்கமே குறிகாட்டியை நகர்த்துவது விதி.

சீர்செய்தலும் சோதனையும்

இரட்டைக் கேம் கொண்ட வில்லில் இரு கேம்களும் ஒரே கணத்தில் தத்தம் நிறுத்தத்தை எட்ட வேண்டும். ஒன்று முந்தினால் அம்பின் வால் மேலும் கீழும் ஆடும். வில்லழுத்தியில் வைத்து, பிந்தும் பக்கத்து வடத்துக்குச் சில முறுக்குகள் ஏற்றியோ இறக்கியோ இது சரிசெய்யப்படும்.

பின்னர் தாள் சோதனை நடத்தப்படும். சட்டகத்தில் விறைப்பாக ஒட்டிய தாளின் ஊடாக, இரண்டு மீட்டர் அளவு தொலைவிலிருந்து அம்பு எய்யப்படும். தாளில் முனையின் துளையும் சிறகுகளின் கிழிசலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அம்பு நேராகச் செல்கின்றது. சிறகுக் கிழிசல் துளைக்கு மேலே நீண்டிருந்தால், அம்பின் வாலை நாணில் சற்றுக் கீழிறக்க வேண்டும் அல்லது தாங்கியை உயர்த்த வேண்டும். பக்கவாட்டுக் கிழிசலுக்குத் தாங்கியை மயிரிழையளவு நகர்த்தி மீண்டும் மீண்டும் பார்ப்பர். வில்லைக் கையில் இறுகப் பற்றித் திருகுவதாலும் பக்கவாட்டுக் கிழிசல் வரும் என்பதால், கருவியைக் குறைகூறுமுன் பிடியைச் சோதிப்பது நன்று.

வேட்டை அம்பில் பயிற்சிமுனைக்குப் பதிலாகக் கூரிய அலகுகள் கொண்ட அகல்முனை பொருத்தப்படுகின்றது. அவ்வலகுகள் காற்றில் சிறகுபோல் செயற்படுவதால், தாள் சோதனையில் தெரியாத சிறு குறையும் இங்குப் பெரிதாகத் தெரியும். 20 மீட்டரில் இரு வகை முனைகளையும் எய்து, அகல்முனைக் கூட்டம் பயிற்சிமுனைக் கூட்டத்தோடு சேரும்வரை, தாங்கியைப் பயிற்சிமுனைக் கூட்டத்தின் பக்கமாகச் சிறிது சிறிதாக நகர்த்துவர்.

வேட்டை வில் வேறுபடும் விதம்

துப்பாக்கிக் குண்டைப் போல அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. இரத்தப் போக்கால் கொல்கின்றது. நுரையீரலோ இதயமோ தைக்கப்பட்டால் விலங்கு சில நொடிகளில் விழும். சற்றுத் தவறினால் அது பல மணிநேரம் துன்புற்று, கண்டுபிடிக்கப்படாமலே மடியும். வேட்டை வில்லின் அமைப்பில் உள்ள ஒவ்வொரு தேர்வும் இந்த அச்சத்திலிருந்து பிறந்ததே எனலாம்.

வேகத்தைவிட ஓசையின்மை இங்கு முதன்மை பெறுவதன் காரணத்தை ஒரு கணக்குக் காட்டும். நொடிக்கு 80 மீட்டர் செல்லும் அம்பு 30 மீட்டரைக் கடக்க 0.38 நொடி ஆகும். நாணின் ஓசையோ அதே தொலைவை 0.09 நொடியில் கடந்துவிடும். எஞ்சிய 0.29 நொடியில் மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்துகின்றது. இதயத்துக்குக் குறிவைத்த அம்பு முதுகில் தைக்கின்றது அல்லது மேலே கடந்து செல்கின்றது. தொலைவை 15 மீட்டராகக் குறைத்தால் விலங்குக்குக் கிடைப்பது அதில் பாதி நேரமே. ஆகவே வேட்டை வில்லாளர் நாணில் இரப்பர் அடக்கிகளைக் கட்டுவதும், கனமான அம்பைத் தேர்வதும், தொலைவைக் குறைத்துக்கொள்வதும் வழக்கம். 27 கிராம் அம்பு நொடிக்கு 79 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 85 சூல் ஆற்றலைக் கொண்டிருக்கும். காட்டுப்பன்றி போன்ற தடித்த தோலுடைய விலங்குக்கு அம்பு தயாரிப்பாளர்கள் கூறும் 57 முதல் 88 சூல் வரையிலான அளவுக்குள் இது அடங்கும்.

இலக்கு வில்லோ நீளமானது. அதன் முன்புறம் 75 செ.மீ. அளவிலான நிலைப்படுத்தித் தண்டு நீண்டிருக்கும், குறிகாட்டியில் பெருக்குவில்லை இருக்கும். வேட்டை வில்லில் நிலைப்படுத்தி 20 முதல் 30 செ.மீ. மட்டுமே, வில்லைக்குப் பதில் வெவ்வேறு தொலைவுகளுக்கான ஒளிரும் ஊசிகள் இருக்கும். பன்னாட்டு இலக்குப் போட்டியில் கூட்டு வில்லாளர் 50 மீட்டர் தொலைவிலிருந்து 80 செ.மீ. இலக்குத் தாளில் எய்கின்றனர்.

ஒருவருக்கென அமைத்தலின் எல்லை

உடலுக்கேற்ப வில்லை அமைப்பது எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு சம்மு காசுமீரின் கிசுத்துவார் மாவட்டத்தைச் சேர்ந்த சீத்தல் தேவி சான்றாவார். 2007 இல் கைகளின்றிப் பிறந்த இவர், நாற்காலியில் அமர்ந்து வலக்காலால் வில்லைத் தூக்கிப் பிடித்து, வலத்தோளில் பொருத்திய விடுவியால் நாணைப் பின்னிழுத்து, தாடையின் உதவியால் அம்பை விடுகின்றார். 2024 பாரிசு இணை ஒலிம்பிக்கில் ராக்கேசு குமாருடன் இணைந்து கலப்பு இரட்டையரில் வெண்கலமும், 2025 இல் குவாங்சுவில் நடந்த இணை வில்வித்தை உலகப் போட்டியில் தனிநபர் தங்கமும் வென்றார்.

இந்திய வில்லாளர்கள் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ள ரிகர்வ் வில்லைவிடக் கூட்டு வில்லிலேயே மிகுந்த வெற்றி கண்டுள்ளனர். 2023 இல் பெர்லின் உலகப் போட்டியில் அதிதி சுவாமியும் ஓசசு தேவ்தளேயும் தனிநபர் தங்கம் வென்றனர். அதே ஆண்டு காங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கூட்டு வில்லுக்குரிய ஐந்து தங்கப் பதக்கங்களும் இந்தியாவுக்கே கிடைத்தன. 2028 லாசு ஏஞ்சலிசு ஒலிம்பிக்கில் கூட்டு வில் கலப்பு இரட்டையர் பிரிவு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

இந்தியச் சட்டமும் உத்திரமேரூர் வட்டாரமும்

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 ஆயுதம் என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. வேட்டை என்பதற்கான விளக்கம் கொல்லுதலோடு நிற்காமல் காயப்படுத்துதலையும், அவற்றுக்கான முயற்சியையும் உள்ளடக்கியது. ஆகவே குறி தவறியது என்பது தப்பும் வழி ஆகாது. 2022 திருத்தத்துக்குப் பின் பொதுவான மீறல்களுக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற விலங்குகளுக்குத் தண்டனை கூடுதல். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் பழங்குடியினரின் மரபுவழி வேட்டை உரிமையை வெளிப்படையாகவே விலக்கியுள்ளது. மூங்கில் வில்லும் இறக்குமதிக் கூட்டு வில்லும் இச்சட்டங்களின் முன் ஒன்றே.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியையாவது எய்யலாம் என்று கருதுவோர் உளர். அவ்விலங்கும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. தமிழ்நாட்டில் 2025 சனவரியில் அறிவிக்கப்பட்ட நடைமுறையின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கப்படுபவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே. நில உரிமையாளர் அல்லர்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுகளால் பெயர்பெற்றது. ஏரியைப் பேணத் தனி வாரியம் அமைத்த செய்தியும் அக்கல்வெட்டுகளில் உண்டு. இவ்வூருக்குத் தென்கிழக்கே, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், வேடந்தாங்கல் பறவைகள் காப்பகமும் அதன் அருகே கரிக்கிலியும் அமைந்துள்ளன. இரண்டும் 2022 இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. வேடந்தாங்கல் என்னும் பெயர் வேடரின் ஊரைக் குறிப்பதாகக் கூறுவர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்த அவ்வூரார், ஆங்கிலேயப் படையினர் பறவைகளைச் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டு, 1798 இல் இலயனல் பிளேசு காலத்தில் பாதுகாப்பு ஆணை பெற்றனர். நாட்டின் வேட்டைத் தடைச் சட்டத்துக்கு ஏறத்தாழ 175 ஆண்டுகள் முற்பட்டது இந்த ஆணை.

வேட்டை அமைப்பிலுள்ள வில்லை எய்து பழக விரும்புவோருக்கு முப்பரிமாண வில்வித்தை என்னும் விளையாட்டு உண்டு. நுரைப்பொருளால் செய்த விலங்கு உருவங்களைத் தொலைவு அறிவிக்கப்படாத நிலையில் எய்வது இதன் முறை. இதற்கான முதல் உலகப் போட்டி 2003 இல் பிரான்சில் நடைபெற்றது.

பாதுகாப்பும் பேணுதலும்

வைக்கோலைத் தளர்வாகக் கட்டிய இலக்கை 60 பவுண்டு வில்லின் அம்பு எளிதில் ஊடுருவும். பிரிகளை நன்கு நெருக்கிக் கட்டி, பின்னே மண்மேடு அமைக்க வேண்டும். சிற்றூர்களில் ஏரிக்கரையையே தடுப்பாகக் கொள்ளும் எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் கரையின் மேலும் மறுபுறமும் ஆடு மேய்ப்போரும் நடந்து செல்வோரும் எந்நேரமும் வரக்கூடும் என்பதால் அது ஏற்றதன்று. எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் கரிநார் அம்பைக் கையால் மெல்ல வளைத்து, விரிசல் ஓசை வருகின்றதா எனப் பார்க்க வேண்டும். விரிசலுற்ற அம்பு புறப்படும்போதே முறிந்து, வில் பிடித்த கையில் பாயக்கூடும்.

கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும் காஞ்சிபுரம் போன்ற மாவட்டங்களில் வில்லை மூடிய காருக்குள் விட்டுச் செல்லக் கூடாது. உள்வெப்பம் 60 பாகையைக் கடக்கும்போது பட்டைகளின் ஒட்டுப்பசை இளகும். நாணும் வடங்களும் நீண்டு கேம்களின் ஒத்திசைவு கெடும். நாணில் இழைகள் பிசிறாகத் தெரியும்போது மெழுகு தேய்ப்பர். ஓர் இழை அறுந்தாலும் நாணை மாற்றிவிடுவர். அறாவிடினும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நாணையும் வடங்களையும் மாற்றுவது வழக்கம். புதிய நாண் முதல் நூறு இருநூறு எய்தல்களில் சற்று நீளும். ஆகவே அதன்பின் பீப்பின் உயரத்தையும் கேம்களின் நேரத்தையும் மீண்டும் சரிபார்த்த பின்னரே குறிகாட்டியைத் தொட வேண்டும்.